கிருபாவின் தாய்மாமன்

கீழ்புத்துப்பட்டில் ஈ.சி.ஆர். ரோட்டோரம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சுரேஷுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். பெண் குழந்தை இல்லாத குறையை அவன் தீர்த்துக்கொண்டது தன் அக்கா தையல்நாயகியின் ஒரே பிள்ளையை வைத்துத்தான். கிருபாவதி என்று பெயர் தேர்ந்தெடுத்தது அவன். மடியில் உட்கார வைத்துக் காது குத்தியதும் அவன்தான். அன்றைக்குப் பிள்ளை அழுது திமிறியதில் அவனுடைய புதுச்சட்டைப் பை கிழிந்து தொங்கியது. அந்தச் சட்டையோடே பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரர்களுக்கெல்லாம் கிழிசலைக் காட்டிக் காட்டிச் சாப்பிட்டான்.

அதனால், கிருபா வயதுக்கு வந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்ன காலையில் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழற்றிப் போட்ட கார்ப்பரேட்டர் அப்படியே கிடந்தது. வண்டிக்காரரிடம், "அண்ணே, சாயங்காலமா வாங்க. எங்க வூட்ல விசேஷம்," என்றான்.

"தாய்மாமனுக்குத்தான் மொதல்ல சொல்லணும். அதான் சொன்னேன்," என்றாள் தையல்நாயகி. "வேற யாருக்கும் இப்ப சொல்லாத, சுரேஷு."

"இன்னாக்கா பேசற. ஊருக்கே சொல்லணும். மண்டபத்த நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் பண்ணாத."

அக்கா ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது போலிருந்தது. அவள் குரலில் சந்தோஷம் இருந்ததா இல்லையா என்று அவன் யோசிக்கவே இல்லை. அக்கா எப்போதுமே அப்படித்தான். அவள் சத்தம் போட்டு அவன் கேட்டதில்லை. ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால்கூட ஒதுங்கி வழிவிடுகிறவள். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் ராஜாங்கத்தோடு குத்தகைப் பாத்திகளில் உப்பு வாரி, வெயிலில் கறுத்து, இருந்த பேச்சும் குறைந்து போனவள். அவளுக்காகப் பேசுவதற்கென்றே கடவுள் தன்னை அவளுக்குப் பின்னால் அனுப்பி வைத்ததாகச் சுரேஷ் நம்பிக்கொண்டிருந்தான்.

மனைவி வசந்தாவை அழைத்துக்கொண்டு பாண்டிக்குப் போனான். பட்டுப்பாவாடை, தாவணி, வளையல், ஜிமிக்கி என்று கணவனும் மனைவியும் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். மண்டபம் பேசியாயிற்று. மேளக்காரருக்குச் சொல்லியாயிற்று. பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில்தான் சின்னச் சிக்கல். சுரேஷின் போனில் கிருபாவின் படம் என்று இருந்ததெல்லாம் சட்டை டிராயரில் இருந்தன. ஒன்றில் ராஜாங்கத்தின் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புக் குவியல் மேல் பிள்ளை ராஜா மாதிரி நின்றது. பூ வைத்த படம், பொட்டு வைத்த படம் ஒன்றுகூட இல்லை.

"பரவால்லண்ணே, மூஞ்சி இருந்தா போதும். தாவணிய நாங்க கம்ப்யூட்டர்லயே கட்டி வுட்டுர்றோம்," என்றான் கடைக்காரன்.

கட்டிவிட்டான். யாரோ ஒரு பெண்ணின் உடம்பில், யாரோ ஒரு பெண்ணின் சடைக்கு நடுவில் கிருபாவின் முகம் வந்து உட்கார்ந்தது. கீழே தாய்மாமன் சுரேஷ் குடும்பத்தார் என்று கொட்டை எழுத்து. சுரேஷுக்குப் பெருமை தாங்கவில்லை. வசந்தா மட்டும் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம கிருபா மாதிரியே இல்லீங்களே," என்றாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விழா நெருங்கிய சமயத்தில் ராஜாங்கம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். உப்பு சீசனில் உப்பளத்தை விட்டு நகராத மனிதர் அவர். அவருடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வாசலில் வந்து நின்றதும் சுரேஷ் எழுந்து ஓடினான்.

"வண்டி மக்கர் பண்ணுதா மாமா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது."

உட்கார்ந்தார். வரவழைத்த டீயைக் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. "மச்சான், சடங்கு வேணாம்," என்றார்.

"யார் சொன்னது?"

"பிள்ள வேணாங்குது."

சுரேஷ் சிரித்துவிட்டான். "அது வெக்கம் மாமா. எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் சொல்லும். கூட்டத்தப் பாத்தா சரியாப் போயிடும்."

"வெக்கம் இல்ல. இது வேற." ராஜாங்கம் நிறுத்தி நிறுத்திப் பேசினார். வார்த்தைகளை அவர் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். "அது தன்னப் பொண்ணுன்னு நெனைக்கல. சின்ன வயசுலேந்து அப்படித்தான். வாயத் தொறந்து எங்ககிட்ட சொல்லியே ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. தான் பையன்னு சொல்லுது. சரியாப் போயிடும்னு நாங்களும் பாத்தோம். சரியாப் போறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல போலருக்குது. பாண்டில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட இட்டுக்கினு போனோம்."

"டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"பிள்ளைக்கு ஒரு நோவும் இல்லன்னாங்க அந்த டாக்டரம்மா. அது சொல்றத காது குடுத்து கேளுங்க, எதுக்கும் அவசரப்படாதீங்க, அடிக்காதீங்கன்னாங்க." பிறகு, "நான் எப்ப அடிச்சேன்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

சுரேஷுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. "பேனர் அடிச்சிட்டேன் மாமா. ஜனங்களுக்குச் சொல்லிட்டேன். இப்ப வந்து இதச் சொன்னா நான் வெளிய தலை காட்டறது எப்படி?"

"தெரியும். அதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன். நீ வந்து அதுகிட்டயே கேளு. மாமாகிட்ட நானே சொல்லணும்னு நிக்குது."

மறுநாள் விடிந்ததும் சுரேஷ் உப்பளத்துக்குப் போனான். வெயில் இன்னும் ஏறவில்லை. பாத்தி பாத்தியாக நீர் வெள்ளை கட்டிக் கிடந்தது. வரப்பு நெடுகச் சின்னச் சின்ன உப்புக் குவியல்கள். கோடை லீவு என்பதால் கிருபாவும் அங்கேதான். அப்பாவின் பழைய சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு, நீளக் காம்பு வைத்த பலகையால் உப்பை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நடையும் நிற்கிற விதமும் அப்படியே ராஜாங்கம்தான். இத்தனை நாள் இதைப் பார்த்து, அப்பாவை உரித்து வைத்திருக்கிறது என்று அவனே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான்.

"வா மாமா," என்று கிருபா பலகையைக் கீழே வைத்தது.

"இன்னாம்மா இது, உங்கப்பா என்னென்னமோ சொல்றாரு."

"அம்மா போட்டுக் கூப்பிடாத மாமா."

கிருபாவே மேலே பேசியது.

"நீ வாங்கியாந்தது எல்லாம் நல்லா இருக்கும் மாமா. நீ எது வாங்கினாலும் நல்லாத்தான் இருக்கும். ஆனா அதக் கட்டிக்கினு மணையில உக்காந்தா, அங்க உக்காந்திருக்கிறது நான் இல்ல. நீ யாருக்கோ சீர் செஞ்ச மாதிரி ஆயிடும். உன்ன ஏமாத்தக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"யாரு இதெல்லாம் உனக்குச் சொல்லிக்குடுத்தது? போன்ல எதுனா பாத்தியா?"

"எங்க வூட்ல இருக்கிறது பட்டன் போனு மாமா. அதுல டார்ச் லைட்டுதான் பாக்கலாம்."

வேறொரு நாளாக இருந்தால் சுரேஷ் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். "அப்ப நீ யாருன்னுதான் சொல்லேன்," என்றான், குரல் உயர்ந்துவிட்டது.

"உன் அக்கா பையன்."

பிள்ளையின் குரல் அசையாமல்தான் இருந்தது. ஆனால் உப்புப் பூத்த விரல்கள் சட்டை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருப்பதைச் சுரேஷ் பார்த்தான். பார்த்துவிட்டதால் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது. வரப்பில் நின்ற அக்காவிடம் திரும்பினான். அவள் எப்படியும் தன் பக்கம் சாய்ந்துவிடுவாள் என்பது அவன் கணக்கு.

"அக்கா, நீயாவது சொல்லு."

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சுரேஷு. அழ வேண்டியதெல்லாம் அழுது முடிச்சிட்டேன். இனிமே பிள்ள சொல்றதுதான்."

"ஊர்ல இன்னா பேசுவாங்க, தெரியுமா?"

"பேசுவாங்க," என்றாள் தையல்நாயகி. அவ்வளவுதான்.

அவள் நீட்டிய மோர்ச் சொம்பை வாங்காமல் அவன் திரும்பி நடந்தான். அக்கா கையால் கொடுத்ததை அவன் மறுத்தது அதுதான் முதல் தடவை.

மண்டபத்துக்காரரிடமும் மேளக்காரரிடமும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தான். மரக்காணத்துப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். வசந்தா மட்டும் நாத்தனாரோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு கட்டாகும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சோறு போடும்போது, யாருக்கோ சொல்வது போல, விஷயங்களைக் காற்றில் விடுவாள்.

அப்படித்தான் முடி வெட்டின சேதி வந்தது. ராஜாங்கம் தான் வழக்கமாகப் போகும் சலூனுக்கே கிருபாவைக் கூட்டிக்கொண்டு போய், தனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, "எனக்கு எப்படியோ அப்படியே இவனுக்கும்," என்றாராம். வெட்டுகிறவர் கண்ணாடியில் ராஜாங்கத்தின் முகத்தைப் பார்த்தார், கத்தரியை எடுத்தார், வேறு எதுவும் கேட்கவில்லையாம். பெயரிலும் பெரிய மாற்றம் வேண்டியிருக்கவில்லை. கிருபாவதி கிருபாகரன் ஆயிற்று. கூப்பிடுகிறவர்களுக்கு என்றைக்கும் போலக் கிருபாதான்.

பள்ளிக்கூடச் சேதி அதைவிடப் பெரிது. லீவு முடிந்து திறந்த அன்று கிருபா பேண்ட் சட்டையில் போயிருக்கிறது. பொம்பளைப் பிள்ளை சுடிதாரில்தான் வரவேண்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தையல்நாயகி போனாள். சண்டை போடவில்லை. "சார், உங்களுக்கும் மேல கேக்க வேண்டியவங்க இருப்பாங்க, கேட்டுட்டே சொல்லுங்க. அதுவரைக்கும் நாங்க இங்கயே இருக்கறோம்," என்று கேட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் கிருபா, மடியில் பாடப் புத்தகம். மணி அடித்தால் அந்தந்தப் பாடத்தைப் பிள்ளை தானே படித்தது. பள்ளி விட்டதும் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மறுநாளும் அதே இடம், சோற்று டப்பாவோடு. அதற்கு மறுநாளும். உப்பளத்தில் ராஜாங்கம் ஒண்டியாளாய் வாரிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த அறிவியல் டீச்சர் மனசு கேட்காமல் வெளியே வந்து, அன்றைக்கு நடத்தின பாடத்தை மரத்தடியிலேயே கிருபாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாராம். கடைசியில் தலைமை ஆசிரியரே வெளியில் வந்து, "உள்ள வாங்கம்மா," என்றார். பேண்ட் சட்டைக்கு ஒத்துக்கொண்டார். டீச்சர்களுடைய பாத்ரூமைப் பிள்ளை பயன்படுத்திக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

சுரேஷ் டிவியில் செய்தி கேட்கிற பாவனையில் இருந்தான். பாவனை கலைந்துவிட்டது. "எங்க அக்காவா?" என்றான்.

"உங்க அக்காதான்," என்றாள் வசந்தா.

ரேஷன் கடையில் வழிவிட்டு ஒதுங்கி நின்றவளையும், பள்ளிக்கூட வாசலில் நகராமல் உட்கார்ந்தவளையும் ஒரே ஆளாக அவனால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பாவாடை என்று ஒரு பழைய கஸ்டமர். சங்கிலி மாற்ற வண்டியை விட்டவன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்பா சுரேஷு, உங்க அக்கா வூட்ல ஒண்ணு இருக்குதாமே," என்று ஊர் கேலிக்குச் சொல்கிற அந்த நம்பரைச் சொல்லிச் சிரித்தான். சுரேஷ் கழற்றிய சங்கிலியைத் திரும்ப மாட்டினான். கையைத் துடைத்துக்கொண்டான். "உன் வண்டிய வேற எடத்துல காட்டு," என்றான்.

"விளையாட்டுக்குச் சொன்னேம்பா."

"வண்டிய எடு."

பாவாடை போன பிறகும் அவன் அதே நினைப்பாகவே இருந்தான். தான் அக்காவிடம் பேசாமல் இருப்பது ஒரு பக்கம். இன்னொருவன் அந்தப் பிள்ளையைப் பற்றி வாய் திறப்பது மறுபக்கம். இரண்டும் எப்படி ஒரே நெஞ்சுக்குள் இருக்கின்றன என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஒருநாள் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க மரக்காணம் கடைத்தெருவுக்குப் போனபோது அக்கா எதிரில் வந்துவிட்டாள். ஒதுங்க இடமில்லை. அவள் நேற்றுப் பார்த்தவனைக் கேட்பது போல, "சாப்டியா? பசங்க நல்லா இருக்குதுங்களா?" என்றாள்.

"ம். கிருபா எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிட்டான். இன்னிக்கு ஏதோ டெஸ்டாம், சாப்பிடாமலே ஓடிட்டான்."

போயிட்டான், ஓடிட்டான். நாக்கு நுனியில் வந்து முடியும் அந்தச் சின்ன 'ன்' அவள் வாயில் அத்தனை சாதாரணமாக வந்தது. நேற்றுவரை அவளும் 'அது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சொல்வது போல. எப்போது, எந்த வேலைக்கு நடுவில் அவள் அந்த வரப்பைத் தாண்டினாள் என்று கேட்க நினைத்தான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி கடை வாசலிலேயே நின்றான்.

ஐப்பசி போய்க் கார்த்திகையில் புயல் வந்தது. அந்த வருஷப் புயல் கடற்கரையையே புரட்டிப் போட்டது. ஈ.சி.ஆர். ரோட்டில் மரங்கள் குறுக்கே கிடந்தன. கரண்ட் இல்லை, டவர் இல்லை. உப்பளத் தெருக்களில் தண்ணீர் ஏறிவிட்டது, ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மட்டும் யாரோ சொன்னார்கள். மதியத்தில் காற்று சற்றுத் தணிந்ததும் சுரேஷ் பைக்கை எடுத்தான். வசந்தா தடுக்கவில்லை, டவலை எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள். பாதி வழியில் பைக்கை ஒரு கடையோரம் நிறுத்திவிட்டு இடுப்புத் தண்ணீரில் நடந்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒழுகாத வகுப்பறைகள் இரண்டுதான். ஒன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு. நடுவில் நீண்ட வராண்டா, அதில் பாதி சாரலில் நனைந்துகொண்டிருந்தது. சுரேஷ் படியேறும்போது வராண்டாவில் ஏதோ பேச்சு நடந்துகொண்டிருந்தது. தூணோரம் நின்றுவிட்டான்.

பெண்கள் அறை வாசலில் ஆராயி நின்றிருந்தாள், தையல்நாயகி தெருக்காரி. "தப்பா எடுத்துக்காத தையல்நாயகி. உள்ள வயசுப் பொண்ணுங்க ஈரத்துணி மாத்துதுங்க. உன் பிள்ள பாக்கறதுக்கு ஆம்பளப் பிள்ளயாட்டம் இருக்குது, அதுங்க கூச்சப்படுதுங்க."

ஆண்கள் அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "இங்க எப்படி ராஜாங்கம்? பொறந்தது பொண்ணாச்சே. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யார் பதில் சொல்றது?" என்றார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அதற்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. இரண்டு கதவுக்கும் நடுவில், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கிருபா நின்றது. "நான் இங்கயே வராண்டாவுல உக்காந்துக்கறேன்மா. நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க," என்றது.

சுரேஷுக்குக் கை முறுக்கிக்கொண்டது. உள்ளே பாய்ந்து நாலு பேரை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று காலை எடுத்தான். அதற்குள் தையல்நாயகி பெண்கள் அறைக்குள் போனாள். தன் பாயையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராண்டாவில் சுவரோரம் கொஞ்சம் காய்ந்த இடமாகப் பார்த்துப் பாயை விரித்து உட்கார்ந்தாள். ராஜாங்கம் ஆண்கள் அறையில் வைத்திருந்த மூட்டையை எடுத்து வந்து பிரித்தார். உப்புக் குவியலுக்குப் போர்த்துகிற தார்ப்பாயை உருவினார். ஒரு முனையைத் தூணில் கட்டினார். பிறகு இருவரும் கிருபாவை நடுவில் உட்கார்த்திக்கொண்டார்கள். தட்டில் வாங்கி வைத்திருந்த சாம்பார் சோற்றைத் தையல்நாயகி மூன்றாகப் பங்கிட்டாள்.

அவர்கள் யாரையும் முறைக்கவில்லை. யாரிடமும் கெஞ்சவும் இல்லை. வீட்டுக்கு முன்னால் காற்றாட உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தது. கிருபா ஏதோ சொன்னது, ராஜாங்கம் வாயில் சோற்றோடு சிரித்தார். தைரியம் என்றால் சத்தம் என்றே சுரேஷ் இதுநாள்வரை நினைத்திருந்தான். அவன் ஒர்க்‌ஷாப்பில் தினமும் போடுகிற சத்தம் எல்லாம் இந்த மூன்று பேர் பாய் விரித்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தார்ப்பாயின் கட்டாத முனை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் போய் அதைப் பிடித்தான்.

ராஜாங்கம் நிமிர்ந்து பார்த்தார். "வா மச்சான். அந்தக் கம்பியில கட்டி நல்லா இறுக்கு," என்றார், அவனை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவர் போல. அக்கா அவன் கழுத்திலிருந்த டவலை உருவிப் பிழிந்து அவனிடமே கொடுத்தாள். "தலையத் தொவட்டு. வசந்தா, பசங்க எல்லாம் பத்திரமா?"

"பத்திரமா இருக்குதுங்க."

கிருபா நகர்ந்து இடம் விட்டது. "இந்தாண்ட உக்காரு மாமா. அங்க ஒழுவுது."

சுரேஷ் உட்கார்ந்தான். சொல்ல வேண்டியது மலையளவு இருந்தது. வாயில் வந்தது வேறு. "எந்த கிளாஸ்டா இப்ப நீ?"

அந்த 'டா' அவனை அறியாமல்தான் வந்தது. கிருபா தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்துவிட்டது. குனிந்தபடியே, "எட்டாவது மாமா. ஏழாவதுக்கு அப்புறம் அதான் வரும்," என்றான்.

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாரல் அவள் பக்கம் அடிக்கவே இல்லை.

நால்வரும் அங்கேயே இருந்தார்கள். காற்று மறுபடி வலுத்தது. தார்ப்பாயைப் பிடித்துப் பிடித்துச் சுரேஷுக்கும் ராஜாங்கத்துக்கும் கை கடுத்தது. பெண்கள் அறைக் கதவு திறந்து ஆராயி எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏன் சுரேஷு, நீயுமா மழையில உக்காந்திருக்கிற? உன்ன யாரு வேணாம்னாங்க?"

"எங்க பிள்ள இங்க இருக்குது. நான் மட்டும் எங்க போவ?"

ஆராயி விறுவிறுவென்று ஆண்கள் அறை வாசலுக்குப் போனாள். "ஏம்பா, அந்தப் பிள்ள அப்பனுக்கும் மாமனுக்கும் நடுவுல படுத்தா உங்களுக்கு இன்னா போயிடும்? ஒரு குடும்பமே நனையுது, பாத்துக்கினு எப்படி சோறு எறங்குது உங்களுக்கு? பொம்பளைங்க பக்கம் கொஞ்சம் கூச்சம், அதான் நான் சொன்னேன். நீங்க தள்ளிப் படுங்களேன்."

உள்ளே முணுமுணுப்பு எழுந்தது. பிறகு பாய்கள் நகர்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்ட அதே மனிதர் வந்து, "வா ராஜாங்கம். சுவத்தோரம் எடம் இருக்குது," என்றார். ராஜாங்கம் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கினார். தையல்நாயகி உள்ளே போகும்போது ஆராயியின் கையைப் பிடித்தாள். ஆராயி, "போ, போய்ப் புடவைய மாத்து," என்று அதட்டினாள்.

தண்ணீர் வடிந்து ஜனங்கள் வீடு திரும்பியபோது உப்பளம் முழுக்கச் சேறு. தை மாதத்தில் பாத்திகளைச் சரிசெய்து, தரையை மிதித்து இறுக்குகிற வேலை தொடங்கியது. நீர் இறைக்கிற டீசல் என்ஜின் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சுரேஷ் டூல்ஸ் பையோடு வந்துவிடுவான். அது அவனுக்குப் பழக்கமில்லாத என்ஜின். இருந்தாலும் அக்கா வீட்டு வேலையை வேறு மெக்கானிக்கிடம் விட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். வசந்தாவும் பையன்களும்கூட வந்து சேற்றில் மிதித்துவிட்டு, உடம்பு வலி என்று திங்கட்கிழமை முழுக்கப் புலம்புவார்கள்.

அப்படி ஒருநாள், வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சுரேஷ் கேட்டான். "மாமா, உனக்குப் பயமே இல்லையா?"

"தெனமும் இருக்குது," என்றார் ராஜாங்கம். "பள்ளிக்கூடம் வுட்டு வர்ற நேரத்துக்கு ரோட்டப் பாத்துக்கினே இருப்பேன். பெரியவனானா இன்னா ஆவும், யார் கூட இருப்பான், ஒடம்புக்கு இன்னா வைத்தியம் பண்ணணும், அத அவன் வளந்து அவனே சொல்லட்டும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். ஆனா அவன் பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

"அக்கா, நீ எப்படிக்கா தாங்கின?"

தையல்நாயகி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "தாங்கறதுக்கு இன்னா இருக்குது. இந்த மாதிரி பிள்ளைங்க எத்தினியோ வூட்ட வுட்டுப் போயிடுதுங்க. எங்க போச்சுங்க, சாப்புடுதுங்களா இல்லையா, பெத்தவங்களுக்கே தெரியல. என் பிள்ள சாயங்காலம் ஆனா வூட்டுக்கு வருது. பசிக்குதுன்னு கத்துது. மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடறோம். ஊர் பேசறதுக்குப் பயந்துக்கினு இத நான் வுட்டுடுவனா?"

அவள் இவ்வளவு நீளமாகப் பேசிச் சுரேஷ் கேட்டதில்லை. பேசி முடித்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது போல, டம்ளரைத் திரும்பவும் கழுவினாள்.

அந்தச் சமயத்தில் கிருபா வரப்பு மேல் ஓடி வந்தான். சேறு முழங்கால் வரை, முகத்திலும் ஒரு கோடு. "மாமா, பைக்கு சாவி குடு. ரோடு வரைக்கும் ஒரே ஒரு ரவுண்டு."

"லைசென்ஸ் எடுத்துக்கினு வா, தர்றேன்."

"அதுக்கு இன்னும் எத்தினி வருஷம் ஆவும்!"

"ஆவட்டும். பதிமூணு வயசுப் பையன் ஈ.சி.ஆர்.ல வண்டி ஓட்டினா போலீஸ் உன்னப் பிடிக்க மாட்டான், என்னப் பிடிப்பான்."

"உப்பளத்துக்குள்ளயே ஓட்டறேன் மாமா."

"சேத்துல வுட்டு எடுத்தா செயின் யாரு கழுவறது?"

"அம்மா, நீ சொல்லும்மா மாமாகிட்ட."

"குடுடா சுரேஷு, வரப்பு முடியற வரைக்கும் போயிட்டு வரட்டும்," என்றாள் தையல்நாயகி. கூடாது என்றார் ராஜாங்கம். மாமா எப்போதும் இப்படித்தான், தன் பையன்களுக்கு மட்டும் கொடுப்பான் என்றான் கிருபா. அவர்களுக்கும் கொடுத்ததில்லை என்று சுரேஷ் கத்தினான். பக்கத்துப் பாத்தியில் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சண்டை என்று திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் யாருக்கும் எதுவும் புரியவில்லை.